நோவுப்பட்டை

நாச்சிமுத்துவின் லாரி மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குப் பொக்கென்று போய்விட்டது.

தை மாதம் அதே வண்டிக்குக் கிரவுன் மாற்றிக் கொடுத்தவன் அவன்தான். பின்னச்சின் நடுவில் குண்டாக இருக்கும் பெட்டிக்குள் சுழன்று சக்கரங்களைத் திருப்பிவிடுகிற பெரிய பல்சக்கரம் அது. சித்திரையில், மறுபடியும் நோகிறது என்று வண்டி திரும்பி வந்தது. கிரவுனில் குறை இருக்காது என்ற நம்பிக்கையில், அதற்கு முன்னால் இருக்கும் ஷாஃப்டைக் கழற்றி, அதன் மூட்டான கிராஸை மாற்றி அனுப்பினான். இப்போது ஆனி பிறந்துவிட்டது. செய்த வேலை ஒரு தரம் திரும்பி வந்தால் கைப்பிசகு என்று விடுவார்கள். மறுதரமும் வந்தால் லாரிச் சங்கத்துக்காரர்கள் ஒன்றும் பேசமாட்டார்கள். வந்து பட்டறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

நாச்சிமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் ஊன்றி, மெல்ல இறங்கினான். சென்னியப்பனின் தங்கை ருக்மணியைக் கட்டியவன். ஒரு காலத்தில் லாரியிலிருந்து குதித்துத்தான் இறங்குவான்.

"வாங்க மாப்ளே. என்ன, எங்கூட்டுச் சாப்பாட்டு ருசி உடமாட்டேங்குதா?"

"உங்கூட்டுச் சாப்பாட்டுக்கு வந்தா வயித்து நோவுல்ல வரும் மச்சான். இது இடுப்பு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் நாச்சிமுத்து பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

இடுப்பு என்றால் கிரவுன். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். வண்டியின் ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் மயிர் போல ஒரு நரம்பு ஒயர் கிளம்பி முன்னால் வரும். டிரைவர் சட்டைக்குள், தோலோடு தோலாக, அரையில் கட்டியிருக்கும் கறுப்புப் பட்டைக்கு அங்கிருந்து சேதி போகும். ஸ்டியரிங் தேய்ந்தால் தோள் நோகும். பிரேக் தேய்ந்தால் கணுக்கால். சக்கரத்தில் பேரிங் போனால் முழங்கால். ஷாஃப்ட் என்றால் முதுகுத்தண்டு. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஊரில் அதற்கு நோவுப்பட்டை என்றுதான் பேர்.

சென்னியப்பன் வழக்கம்போல மேலிருந்து கேட்டுக்கொண்டு வந்தான்.

"தோளு?"

"சும்மா கெடக்குது."

"முதுகு?"

"நீங்க கிராஸ் மாத்துனதுல இருந்து பஞ்சு மெத்தையாட்ட இருக்குது."

"முழங்கால், கணுக்கால்?"

"ஒண்ணுமில்ல."

"நெஞ்சு?"

"நெஞ்சுக்கு லாரியில ஏதுங்க ஒயரு? அதை மட்டும் நமக்குன்னு உட்டு வெச்சிருக்கறாங்க." நாச்சிமுத்து இடுப்பின் இடப்பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டான். "இங்கதான் மச்சான். நாய் எலும்பைக் கடிச்சு இழுக்கற மாதிரி."

"ஆபீஸ்ல சொல்லீட்டீங்களா?"

"கமலவேணி கேட்டுது. சொல்லாம இருக்க முடியுமா?"

லோடு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் கமலவேணி, ரோட்டில் ஓடும் வண்டிகளை ஒன்று விடாமல் போனில் கூப்பிட்டு, 'நோவு இருக்குதுங்களா?' என்று கேட்பாள். கேட்பது வண்டியைத்தான். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் ஒருமுறை, 'லேசாத் தலை நோவுதுங்க' என்று சொல்லிவைக்க, 'வண்டிக்குத் தலை ஏதுங்க தம்பி?' என்று அவள் கேட்டதைச் சொல்லிச் சொல்லி லாரிப் பேட்டையே சிரித்தது. சிரித்தார்களே தவிர, அவனுக்கு என்ன ஆனதென்று எல்லோருக்கும் தெரியும். சொந்த நோவு இருக்கிறவனுக்குப் பட்டை இல்லை. எது வண்டியின் நோவு, எது தன் நோவு என்று பிரித்துச் சொல்ல முடியாதவனை நம்பி யாரும் லோடு ஏற்றமாட்டார்கள். அவனிடம் அன்றைக்கே பட்டையை அவிழ்த்து வாங்கிவிட்டார்கள்.

"சரி, படுத்துப் பாத்தர்றேன். நீங்க மோரு குடிங்க" என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் லாரிக்கு அடியில் போனான்.

வேலை முடிந்த வண்டியைச் சோதிக்க ஒரு முறை உண்டு. மெக்கானிக் டிரைவரின் பட்டையை வாங்கித் தன் அரையில் கட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டை மாற்றிக் கட்டுவது என்பார்கள். அடுத்தவன் வண்டியின் நோவு தன் உடம்பில் தெரியவில்லை என்றால்தான் வேலை சுத்தம். ஆனால் சென்னியப்பன் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் அதைச் செய்ததில்லை. செய்யவும் கூடாது. டிரைவர் செத்துப்போனால், அவன் வண்டியைப் பேட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி ஓட்டம் பெண்டாட்டியின் உடன்பிறந்தானுக்கு உரியது. அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் பட்டையை மச்சான் கட்டுவான். உயிரோடு இருக்கும்போது கட்டினால் அது சாவைக் கூப்பிட்டு நடுவீட்டில் பாய் போடுவது மாதிரி. தை மாதம், "ஓட்டிப் பாக்கலீங்களா மச்சான்?" என்று நாச்சிமுத்து விளையாட்டுக்குக் கேட்டபோது, ருக்மணி செருப்பைத் தூக்கிக்கொண்டு புருஷனை அடிக்க வந்தாள்.

அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கிரவுன் பெட்டிக்கு மேலே கையை விட்டான் சென்னியப்பன். பெட்டியைத் திறக்குமுன் அதன் நரம்பு ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இங்கே போல்ட்டைத் திருக, அங்கே பட்டையோடு உட்கார்ந்திருப்பவன் அலறுவான். கழற்றிய முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். திரும்ப மாட்ட மறந்துவிடக் கூடாதென்பதற்காக.

ஒயர் மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் விரல் போயிற்று. வெறும் குழி. அதற்குள் மண் அடைத்திருந்தது.

கையை நகர்த்தித் தடவினான். பிசுபிசுப்பாக ஏதோ தொங்கியது. பிடித்து இழுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒயரின் முனை. அதில் ஒரு முடிச்சு. எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்துப்போன துணி. நகத்தால் சுரண்டியபோது உள்ளே சிவப்பு தெரிந்தது.

அவன் கட்டிய முடிச்சுதான். தை மாதம் கட்டியது. வெங்காய லோடு காத்துக்கொண்டிருக்கிறது என்று கமலவேணி போன் மேல் போன் போட, வேலையை முடித்த கையோடு வண்டியை அனுப்பிவைத்தது ஞாபகம் வந்தது. வேறு யார் வண்டியாக இருந்தாலும் பட்டை மாற்றிக் கட்டியிருப்பான். கட்டியிருந்தால் கிரவுன் மரத்துக் கிடப்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்திருக்கும்.

பயம் வந்தது. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நரம்பு அறுந்த வண்டியைச் சாலையில் விடுவதும் கண்ணில்லாதவனை மலையேற்றி விடுவதும் ஒன்று. அந்தப் பயம் அடங்கியபின்தான் இன்னொன்று உறைத்தது. கிரவுன் ஒயர் தை மாதத்திலிருந்தே கழன்று கிடக்கிறது. அப்படியானால் நாச்சிமுத்து இத்தனை நாளாக இடுப்பு இடுப்பு என்கிறானே, அது?

சுத்தியலை எடுத்து கிரவுன் பெட்டியின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தான். அங்கிருந்து பார்த்தால் நாச்சிமுத்துவின் பாதங்கள் மட்டும் தெரியும். அவை அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தான். பட்டறையெல்லாம் அதிர்ந்தது. பாதங்கள் சும்மா கிடந்தன.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். வண்டி நின்றிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடது காலின் விரல்கள் தாமாகவே சுருங்கி மடங்கி, தரையை இறுகப் பிடித்துக்கொண்டன. நெடுநேரம் கழித்துத்தான் விட்டன.

"என்ன மச்சான், படுத்த எடத்துல தூங்கீட்டீங்களா?" மேலேயிருந்து குரல் வந்தது. சாதாரணமான குரல்தான்.

சென்னியப்பன் கையிலிருந்த ஒயர் முனையைப் பார்த்தான். துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, குழியில் இருக்கும் மண்ணை ஊதிவிட்டு, ஒயரைச் செருகினால் முடிந்தது. கிரவுனில் ஒரு சில்லு உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் நம்பாதவர் இல்லை. நாச்சிமுத்துவும் கொஞ்ச நாளைக்குத் தேவலை என்பான். பட்டறையும் பிழைக்கும். அதற்கப்புறம் வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த யோசனை அவன் தலைக்குள் முழுதாக வந்து, உட்கார்ந்து, எழுந்து போயிற்று. ஒயரைத் துணியோடு அப்படியே தொங்கவிட்டு வெளியே ஊர்ந்து வந்தான்.

"மாப்ளே, பட்டையை அவுங்க."

"பட்டையை அவுக்கறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அவுங்கன்னா அவுங்க."

அந்தக் குரலை நாச்சிமுத்து அதற்கு முன் கேட்டதில்லை. சட்டையைத் தூக்கிப் பட்டையை அவிழ்த்து மடியில் வைத்தான். அரையைச் சுற்றி, வெயிலே படாத வெளுத்த தடம்.

"நோவு கொறஞ்சுதுங்களா?"

நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்தான். "காத்தோட்டமா இருக்குது" என்றான்.

சென்னியப்பன் போனை எடுத்தான். கமலவேணிதான் பேசினாள். "கிரவுன் நரம்பை மாட்டாம உட்டது நான்தானுங்க. தையில இருந்து அது மரத்துத்தான் கெடக்குது. சங்கத்துக்கு நானே சொல்லீர்றேன். வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. ஆளைப் பாக்கோணும்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கமலவேணி, "ஆளைப் பாக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல வழி இல்லீங்களே" என்றாள். கெட்டவள் அல்ல. உண்மையாகவே இல்லை.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு இந்தப் பக்கம் புதிது. பட்டையைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு வலியோட எப்படிம்மா இத்தனை மாசம் இருந்தார்? ஒரு மாத்திரைகூட போட்டுக்கலையா?"

"வண்டிக்கு நோவுன்னா ஆளு எதுக்குங்க மாத்தரை போடோணும்?" என்றாள் ருக்மணி. அவளுக்கு அது நியாயமான கேள்வியாகவே இருந்தது. "மெக்கானிக்கைத்தானுங்களே பாக்கோணும்."

"எனக்குப் புரியல. லாரிக்கு எதுக்கு வலி?"

சென்னியப்பன்தான் சொன்னான். "முன்னால ஆளில்லாம ஓடற லாரி உட்டாங்கல்லங்க. அதுக்கு எல்லாம் தெரியும், நோவு மட்டும் தெரியாது. பாகம் தேஞ்சா திரையில எழுதிக் காட்டும். எழுத்தை யாருங்க மதிக்கறாங்க? லோடு போயாகோணும், ஓட்டுன்னுருவாங்க. ஒடையற வரைக்கும் ஓடி, ஒடஞ்சு, கூட்டத்துக்குள்ள போயிரும். நோவறவன் ஒருத்தன் வேணும்னு முடிவு பண்ணுனாங்க. நோவறவன் நிறுத்தீருவானல்லங்க."

"இவர் நிறுத்தலையே" என்றார் டாக்டர்.

படங்களை உறைக்குள் போட்டார். புற்று இடுப்பெலும்பில் ஆரம்பித்து எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்றார். பொங்கலை ஒட்டி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார். ருக்மணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கப்புறம் அவள் அவனோடு பேசவில்லை.

வார்டில் நாச்சிமுத்துவின் கட்டில் ஜன்னலோரம். கீழே மேம்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சென்னியப்பன் முக்காலியில் உட்கார்ந்து, நாள் பூராவும் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"நான் அந்த ஒயரை மாட்டாம உட்டதுனால..."

"தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"மாட்டலைன்னு. வண்டியை எடுத்துட்டுப் போன மறுநாளே தெரியும்." அவன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொப்பூர் ஏத்தம் ஏறறப்ப கிரவுன் ஒரு மொனகு மொனகும். ஏழு வருசமா இடுப்புல கேட்டுட்டே இருந்தது. நோவுன்னுகூடச் சொல்ல முடியாது. கூட ஒரு ஆளு இருக்கற மாதிரி. அன்னைக்கு ஏறறேன், சத்தமே இல்ல. பொண்டாட்டி அம்மா ஊட்டுக்குப் போயிட்டா ஊடு எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. செரி, புதுக் கிரவுன், அதுதான் அமைதியா இருக்குதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஒரு வாரத்துல இது வந்துச்சு."

"கிரவுனில்லைன்னு தெரிஞ்சேவா பட்டறைக்கு வந்தீங்க?"

"கிரவுன் நோவு ஓட்டுனா வரும், நிறுத்துனா போயிரும். இது படுத்தாலும் போகல. தெரியாமயா இருக்கும்?"

சென்னியப்பன் எழுந்தான். இத்தனை வருஷத்தில் வாய் தவறிக்கூட வராத ஒருமை அன்றைக்கு வந்தது. "பின்ன ஏண்டா சொல்லல? ஏண்டா பாவி, என்ற பட்டறை போகுது, அது போகட்டும்... நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தான்.

"உக்காருங்க மச்சான். லாரிக்கு நோவுன்னா ஊரே ஓடியாருது. கமலவேணி போன் போடுது, பார்ட்டு வருது, நீங்க மண்ணுல படுக்கறீங்க. எனக்கு நோவுன்னு சொல்லிப் பாருங்க. பட்டையை அவுத்து வெச்சுட்டுப் போன்னுருவாங்க. பட்டையில்லாம ஊட்டுல உக்காந்துக்கிட்டு நான் என்ன பண்றது?" கொஞ்சம் மூச்சு வாங்கினான். "உங்க பட்டறையைப் பூட்டீருவாங்கன்னுதான் சித்திரைக்கப்பறம் வராம பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். ஆனா ஒருநாளு தோணுச்சு. ஒருவேளை என்ற கணக்குத் தப்பா இருந்தா? மச்சான் அடியில படுத்துப் பாத்துட்டு, அட, கிரவுன்ல பல்லு போயிருக்குதுங்க மாப்ளேன்னு சொல்லீட்டா? கிரவுனாவே இருந்தரக்கூடாதான்னு இருந்துச்சு மச்சான். அதுக்குத்தான் வந்தேன்."

சென்னியப்பன் உட்கார்ந்தான். அதற்குமேல் இருவரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வண்டிக்கு எங்கே நோகிறது என்று, போகிற சத்தத்தை வைத்தே நாச்சிமுத்து சொல்லிக்கொண்டு வந்தான். இவனுக்குக் கணுக்கால், இவனுக்குத் தோள், இந்தப் பையன் பாவம், முதுகு.

ஆடிக் காற்று ஓய்கிற நேரத்தில் நாச்சிமுத்து போய்ச் சேர்ந்தான்.

சங்கம் பட்டறையைப் பூட்டியிருந்தது. ஆனாலும் கடைசி ஓட்டத்துக்கு அதைத் திறந்துவிட்டார்கள். லாரி உள்ளேதான் நின்றது. காரியம் முடிந்த மறுநாள் காலை சென்னியப்பன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அடியில் போய்ப் படுத்தான். குழியிலிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தான். சிவப்புத் துணியை அவிழ்த்து, ஒயரைச் செருகினான். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தைத் தை மாதம் தான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நிச்சயமாயிற்று.

பட்டையை ருக்மணி கொண்டுவந்தாள். முறைப்படி அவள்தான் கட்டிவிட வேண்டும். அண்ணனின் சட்டையைத் தூக்கி, அரையைச் சுற்றிப் பட்டையைக் கொண்டுவந்தாள். புருஷனின் இடுப்புக்குப் பழகிய துளையில் ஊசி நின்றுகொண்டிருந்தது. அண்ணன் கனத்த ஆள். அவள் ஊசியை எடுத்து, கையால் துழாவி, வேறு துளையில் மாட்டினாள்.

"இறுக்கமா இருக்குதாண்ணா?"

ஆஸ்பத்திரிக்கப்புறம் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. "இல்ல கண்ணு" என்றான்.

வண்டியை எடுத்தான். ஊர் முனையில் நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, ஆரன் அடித்து, பெரிய ரோட்டில் ஏறினான். உடம்பெல்லாம் காதாக வைத்துக்கொண்டு ஓட்டினான். தோளில் ஒன்றுமில்லை. முதுகு பஞ்சு மெத்தைதான், நாச்சிமுத்து சொன்னது சரி. கணுக்கால், முழங்கால் இரண்டும் சும்மா கிடந்தன. ஏற்றம் வந்தது. இடுப்பில் கிரவுன் லேசாக முனகியது. நோவு என்று சொல்ல முடியாது. கூட ஓர் ஆள் இருக்கிற மாதிரி.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அவன் ஆயுளில் அதைவிடச் சுத்தமாக ஒரு கிரவுன் மாட்டியதில்லை.

ஏற்றம் முடிகிற இடத்தில் அது ஆரம்பித்தது. நடு மார்பில், எலும்புக்குப் பின்னால், யாரோ முஷ்டியை வைத்து மெல்ல அழுத்துகிற மாதிரி. மூச்சை இழுத்துவிட்டான். போகவில்லை. வேகத்தைக் குறைத்தான், போகவில்லை. புளியமரத்தடியில் ஓரங்கட்டி வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்தான். இன்னும் இறுகியது. பட்டை மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். தோள், முதுகு, இடுப்பு, கால் என்று மேலிருந்து கீழே ஒருமுறை எண்ணிப் பார்த்தான். நெஞ்சு அந்தக் கணக்கில் வரவில்லை.

போன் அடித்தது. கமலவேணி. வண்டி நின்றது அவளுக்குத் திரையில் தெரிந்திருக்கும்.

"அண்ணா, வண்டியில எங்கியாச்சும் நோவு இருக்குதுங்களா?"

சென்னியப்பன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வண்டியில இல்லீங்க" என்றான்.